திரியாய்ப் பாறையும் வச்சிரபோதியின் கடல்வழியும்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே போனால் நிலாவெளி, குச்சவெளி கடந்து திரியாய் வரும். ஒருபுறம் கடலும் களப்பும், மறுபுறம் வயலும் காடும். அங்குள்ள குன்றைத் தமிழர் கந்தசாமி மலை என்பர். சிங்களவர் கிரிஹண்டு சேய என்பர். உச்சியில் சிறியதொரு தாதுகோபம், அதைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கற்றூண்கள். ஒருகாலத்தில் அந்தத் தூண்கள் கூரை தாங்கி நின்றன. வட்டதாகே என்னும் கட்டட வகை இது. குன்றில் ஒரு பாறையில் நீண்ட கல்வெட்டு இருக்கிறது. மொழி சமஸ்கிருதம். எழுத்து பல்லவர் காலத்துக் கிரந்தம். கல்வெட்டறிஞர் பரணவிதான அதை வாசித்து ‘எபிகிராபியா செய்லானிகா’வின் நான்காம் தொகுதியில் பதிப்பித்தார். எழுத்தின் வடிவை வைத்து அதன் காலத்தை 7ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 8ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் வைக்கிறார்கள்.

கல்வெட்டு கிரிகண்டி சைத்தியத்தைப் போற்றுகிறது. திரபுசகர், வல்லிககர் என்ற பெயர் கொண்ட வணிகக் கூட்டத்தாரைச் சொல்கிறது. புத்தருக்கு முதலில் உணவளித்து அவருடைய தலைமயிரைப் பெற்றுச் சென்றதாகப் பௌத்த நூல்கள் சொல்லும் இரு வணிகரின் பெயர்கள் இவை. அந்த இருவரையும் பர்மாவின் சுவேதகோன் கோயிலும் தனக்குரியவர்களாகச் சொல்கிறது. சீன யாத்திரிகர் யுவான்சுவாங் அவர்களை இன்றைய ஆப்கானிஸ்தானின் பால்க் பகுதியோடு இணைக்கிறார். எந்தத் துறையில் வணிகர் இறங்கினாலும் அங்கே இக்கதையும் இறங்கியிருக்கிறது. ஆகவே திரியாயில் குறிக்கப்படுவோர் ஆதி வணிகர் இருவர் அல்லர், அவர்களின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்ட கடல்வணிகக் குழுவினர் என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையது.

இக்கட்டுரைக்கு வேண்டியவை அதே கல்வெட்டில் வரும் வேறு இரண்டு பெயர்கள்: அவலோகிதேசுவரர், மஞ்சுசிறி. இருவரும் மகாயான போதிசத்துவர்கள். இந்த இருவருக்கும் நடுவில் தன் வாழ்க்கைப் பயணம் முழுவதையும் நடத்திய ஒரு மறைஞானி, அந்தக் கல் வெட்டப்பட்ட தலைமுறையில் காஞ்சிக்கும் இலங்கைக்கும் இடையே கடலில் போய்வந்தார். அவர் பெயர் வச்சிரபோதி. சீனர் அவரைச் சிங்காங்சி என்றார்கள். காலம் 671 முதல் 741 வரை. அவர் திரியாய்க் குன்றில் ஏறினார் என்று எந்தச் சீனக் குறிப்பும் சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் அவர் சுமந்த சமயம் எந்த மண்ணில் கால் ஊன்றியிருந்தது என்று கேட்பவருக்குக் கீழைக்கரையில் இந்தப் பாறை ஒரு விடை வைத்திருக்கிறது.

அவருடைய வாழ்வை அறிய நமக்கு இந்தியாவிலோ இலங்கையிலோ ஒரு வரிகூட இல்லை. இருப்பவை சீன மொழியில். அவருடைய இல்லறச் சீடர் லியூ சியாங் எழுதிய வரலாறு ஒன்று. யுவான்சாவ் என்னும் துறவி தொகுத்த நூற்பட்டியலுக்குள் அது தங்கிவிட்டது. 988இல் சான்னிங் முடித்த துறவியர் வரலாற்றில் இன்னொன்று. சான்னிங் எழுதியதைச் சௌ யி-லியாங் 1945இல் ஆங்கிலத்தில் தந்தார். லியூ சியாங்கின் எழுத்தை ஜெஃப்ரி சண்ட்பர்க்கும் ரோல்ஃப் கீபலும் 2011இல் விரிவான ஆய்வோடு வெளியிட்டார்கள். இரண்டும் பிறப்பிலேயே முரண்படுகின்றன. சான்னிங் கூறுவதன்படி அவர் தென்னிந்தியாவின் மலய நாட்டார். தந்தை அந்தணர், காஞ்சி மன்னனின் ஆசான். லியூ சியாங் கூறுவதன்படி அவர் மத்திய இந்தியாவில் ஈசானவர்மன் என்ற அரசனின் மூன்றாம் மகன். தென்னிந்திய மன்னனின் தளபதியால் சீன அவைக்கு அறிமுகமானதால் தென்னிந்தியர் எனப்பட்டார்.

நம்மவர் சிலர் முதற்குறிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு அவரைத் தமிழர் என்று எழுதிவிடுகிறார்கள். நேரில் பழகிய சீடன் சொன்னதை ஒதுக்கிவிட்டு, இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கழித்து எழுதியவரை நம்புவதற்குக் காரணம் வேண்டும். பிறந்த ஊரைவிட அவர் ஆளான ஊரே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நாளந்தாவில் கற்றபின் அவர் தெற்கே வந்து நாகபோதி என்னும் ஆசானிடம் ஏழு ஆண்டு பயின்றார். மந்திர நெறியை அவருக்குத் தந்தது தென்னாடு. இதில் இரு குறிப்புகளுக்கும் பெரிய பூசல் இல்லை.

அப்போது காஞ்சியில் ஆண்டவன் இரண்டாம் நரசிம்மவர்மன். கைலாசநாதர் கோயிலையும் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் எடுப்பித்த ராஜசிம்மன். நாட்டில் மூன்றாண்டு மழையில்லை. மன்னன் வச்சிரபோதியை அழைத்தான். அவர் மண்டலம் அமைத்து வேண்ட மழை பெய்தது என்கிறது லியூ சியாங்கின் வரலாறு. சைவத்தில் ஆழ்ந்த மன்னன் ஒருவன் பௌத்த மந்திர ஆசானிடம் மழை கேட்டான் என்பதை நாம் அதிசயமாகப் பார்க்கிறோம். அன்றைக்கு அது அதிசயமாக இருந்திராது. இதே மன்னன் 720இல் சீனத்துக்குத் தூது அனுப்பினான். அவன் கட்டிய பௌத்தக் கோயிலுக்குத் தாங் பேரரசர் பெயர் எழுதிக் கொடுத்தார் என்று சீன அரசுக் குறிப்புகள் சொல்கின்றன.

பின்னர் வச்சிரபோதி பொதலக மலைக்குப் போனார். அங்கே அவலோகிதேசுவரர் அவருக்குத் தோன்றி, சீனம் சென்று மஞ்சுசிறியை வணங்கு, வழியில் இலங்கையில் புத்தரின் பல்லையும் பாதச்சுவட்டையும் தொழுதுகொள் என்றாராம். பொதலகத்தைப் பொதியமலை என்று இனங்காட்டி 1989இல் விரிவாக எழுதியவர் சூ ஹிக்கோசாக்கா என்னும் யப்பானியர். யுவான்சுவாங்கின் வழிக்குறிப்பும் அந்தத் திசையையே காட்டுகிறது. 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் தமிழைக் கற்றதே அவலோகிதனிடம்தான் என்கிறது. பொதியத்தில் அகத்தியரை மட்டும் கண்டு பழகிய தமிழ் வாசகர் ஒருகணம் நின்று யோசிக்கவேண்டிய இடம் இது. ஒரே மலைக்கு இரண்டு முனிவர். ஒருவர் மற்றவருக்கு ஆசான்.

அந்த ஆணைப்படி அவர் இலங்கை வந்தார். அனுராதபுரத்து அபயகிரி விகாரையில் ஆறுமாதம் தங்கினார். உறுகுணை வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறினார். அந்த ஏற்றத்தின் கடுமையும் காட்டு விலங்குகளும் இரத்தினம் விளையும் நிலமும் லியூ சியாங்கின் குறிப்பில் உயிரோடு இருக்கின்றன; சொன்னவர் நடந்தவர் என்பது தெரிகிறது. காஞ்சிக்குத் திரும்பி, மன்னனின் தூதுவரோடும் பிரஞ்ஞாபாரமிதைப் பெருநூலின் சமஸ்கிருதப் படியோடும் மறுபடி கப்பலேறினார். இலங்கைத் துறை ஒன்றில் முப்பத்தைந்து பாரசீகக் கப்பல்கள் இரத்தின வணிகத்துக்காக நின்றன. அங்கிருந்து ஸ்ரீவிசயம், அங்கே ஐந்து மாதம். பிறகு புயல். 719இல் குவாங்சௌவில் கரையேறி, 720இல் தலைநகர் சேர்ந்தார்.

புயலைப் பற்றி அவருடைய மாணவர் அமோகவச்சிரர் வழியே வந்த ஒரு செய்தி நெஞ்சைப் பிசைகிறது. கப்பல் கவிழும் நிலையில் மாலுமி சுமையையெல்லாம் கடலில் எறியச் சொன்னான். எறியப்பட்டவற்றுள் நூறாயிரம் சுலோகம் கொண்ட வச்சிரசேகர நூலின் பெரும்படியும் போனது. மிஞ்சியது சுருக்கம் மட்டும். அதைத்தான் அவர் 723இல் சீனத்தில் பெயர்த்தார். அதே செய்தி, அந்நூல் தென்னிந்தியாவில் ஒரு இரும்புத் தூபிக்குள் பூட்டிக் கிடந்தது என்றும், ஏழு வெண்கடுகு மணிகளை மந்திரித்து எறிந்தபோது கதவு திறந்தது என்றும் சொல்கிறது. வெண்கடுகைச் சங்கப் புலவர் ஐயவி என்றார்கள். புண்பட்ட வீரனைப் பேய் அணுகாமலிருக்க அதைப் புகைத்தார்கள். சீனத் துறவிகள் குறித்து வைத்த கதைக்குள் நம் வீட்டு ஐயவி கிடப்பதைக் காணும்போது, இந்தக் கதை எங்கே முளைத்தது என்று எனக்கு அதிகம் சந்தேகம் எழுவதில்லை.

இனி அவருடைய கருத்து. அவர் பெயர்த்த நூல் தத்துவசங்கிரகம் எனப்படும் தந்திரத்தின் சுருக்கம். அதன் நடுக்காட்சி இது. போதிசத்துவர் ஒருவர் மூச்சடக்கி அசையாமல் அமர்ந்திருக்கிறார். எல்லாப் புத்தரும் வந்து, இந்த அடக்கத்தால் மட்டும் நீ விழிப்படைய மாட்டாய், உன் மனத்தைப் பார் என்கிறார்கள். பார்க்கிறார், மனம் நிலா வட்டமாகத் தெரிகிறது, முதலில் மங்கலாக, பின் முழுமையாக. அந்த நிலாவில் ஒரு வச்சிரம் எழுகிறது. அந்த வச்சிரம் தானே என்று அறிகிறார். அறிந்த உடலே புத்த உடல். ஐந்து படிகள், ஒவ்வொரு படிக்கும் ஒரு மந்திரம். அதன் பின் அந்த ஒளியிலிருந்து முப்பத்தேழு தெய்வங்கள் எழுந்து மண்டலத்தில் தத்தம் இடத்தில் அமர்கின்றன.

இதில் உயிரான செய்தி, மந்திரம் ஒரு பொருளைச் சுட்டும் பெயராக இல்லை என்பது. எழுத்து தெய்வத்தின் வித்து. எழுத்தைக் காண்பதும் ஒலிப்பதும் தெய்வத்தைக் காண்பதும் ஒன்றே. உடலுக்கு முத்திரை, வாக்குக்கு மந்திரம், மனத்துக்குத் தியானம் என்று மூன்றும் ஒருங்கே இயங்கும்போது சாதகனின் மூன்றும் புத்தரின் மூன்றும் கலக்கின்றன. இதனால் எண்ணற்ற பிறவிகள் தேவைப்படும் என்று சொல்லப்பட்ட பயணம் இந்த ஒரு பிறவிக்குள் அடங்குகிறது. ஐந்தெழுத்தை ஓதி வளர்ந்த தமிழ்ச் சைவருக்கு இதை விளக்க நெடுநேரம் ஆகாது. நாடியும் மூச்சும் எழுத்தும் சக்கரமும் திருமந்திரத்தின் பொருளும்கூட.

உறவு இருந்தது போலவே பூசலும் இருந்தது. தத்துவசங்கிரகத்தின் விரிந்த வடிவில் வச்சிரபாணி மகேசுவரனை, அதாவது சிவனை, மிதித்து அடக்கிப் பின் விழிப்படையச் செய்கிறான். சைவ வாசகருக்கு இது உவப்பாக இராது. அந்த நூற்றாண்டுகளிலேதான் கோணமாமலையைப் பாடிய சம்பந்தர் பௌத்தரைப் பதிகம்தோறும் கண்டித்தார். ஒருவர் கருவியை மற்றவர் எடுத்து, எடுத்த கருவியாலேயே எதிர்த்த காலம் அது. இந்த உண்மையை இரு தரப்பும் மறைக்காமல் வைத்தால்தான் அக்காலச் சமயம் நமக்குப் புரியும்.

எழுத்தையே ஏணியாக்கியவர்கள் இங்கு மட்டும் இருக்கவில்லை. ஐந்து நூற்றாண்டு கழித்து, மத்தியதரைக் கடற்கரையில், ஆபிரகாம் அபுலாஃபியா என்னும் யூத மறைஞானி அதே வழியில் நடந்தார். 1240இல் ஸ்பெயினின் சரகோசாவில் பிறந்தவர். சம்பத்தியோன் என்ற கதை ஆற்றைத் தேடி 1260இல் கிளம்பிப் போர் காரணமாக ஆக்கர் துறையோடு திரும்பினார். மைமோனிடசின் தத்துவத்தைக் கற்றார். அது தந்த அறிவு போதவில்லை. எபிரேயத்தின் இருபத்திரண்டு எழுத்துக்களை மாற்றி மாற்றி அடுக்குவதும், அவற்றை அளந்த மூச்சோடும் தலையசைவோடும் ஒலிப்பதும் அவருடைய சாதனை. எழுத்துக்கள் வழக்கமான பொருளின் கட்டிலிருந்து அவிழும்போது ஆன்மாவின் முடிச்சுகளும் அவிழும் என்றார். 1280இல் பாப்பரசர் மூன்றாம் நிக்கலாசைக் காண உரோமை போனார். பாப்பரசர் அவரை எரிக்கக் கட்டளையிட்டிருந்தார். அவர் வந்த வேளையில் பாப்பரசரே இறந்துபோனார். இருபத்தெட்டு நாள் சிறையிருந்து விடுபட்டார். பார்சலோனாவின் பெரிய ரபி சாலமன் இப்னு அத்ரேத் அவரைப் பொய்த் தீர்க்கர் என்று கண்டிக்க, மால்டாவுக்கு அருகில் கோமினோ என்ற சிறு தீவில் ஒதுங்கினார். 1291க்குப் பின் அவரைப் பற்றிய தடயம் இல்லை. கெர்சோம் சோலம் 1941இல் எழுதிய நூலும், பின்னர் மோசே இடெலின் ஆய்வுகளும் அவரை மீட்டெடுத்தன.

இந்த இருவரையும் ஒன்றென்று சொல்லும் அவசரம் கூடாது. அபுலாஃபியாவுக்குத் தெய்வ உருவம் விலக்கு. வச்சிரபோதியின் எழுத்தோ உருவமாக மலர்கிறது. அபுலாஃபியா தனித்து அலைந்து திரிந்தவர். வச்சிரபோதி மன்னரின் அவைக்காகச் சடங்கு செய்தவர். தாங் பேரரசர் சுவான்சோங் தாவோ நெறியில் பற்றுள்ளவர். அவருக்கு வேண்டியது மழை, நோய் நீக்கம், காவல். பேரரசரின் இருபத்தைந்தாம் மகள் உயிர்விடும் நிலையில் இருந்தபோது, ஏழு வயதுச் சிறுமியர் இருவரை ஆவேசத்தில் யமனிடம் அனுப்பி, இளவரசியை விடைபெறும் அளவுக்கு மீட்டுவந்ததாக வரலாறு கூறுகிறது. அற்புதம் செய்தவர் என்ற புகழ் மிகுந்து, மனத்தை நிலாவாகக் காணச் சொன்ன ஆசான் அதற்குள் மறைந்துவிட்டார் என்பது என் வருத்தம். பெரும் வானியலாளரான துறவி யிசிங் அவரிடம் பாடம் கேட்டவர் என்பதை அந்த அற்புதங்களுக்கு மேலாக நான் மதிக்கிறேன்.

741இல் அவர் லோயாங்கில் மறைந்தார். அமோகவச்சிரர் உடனே இலங்கைக்குக் கப்பலேறினார். அங்கே சிலாமேகன் என்னும் மன்னன் வரவேற்க, சமந்தபத்திரர் என்ற ஆசானிடம் மறுபடி அபிசேகம் பெற்று, ஐந்நூறு வரையான நூல்களோடு 746இல் திரும்பினார். கடலில் போன பெருநூலின் எஞ்சிய பகுதிகளைத் தேடியே அவர் வந்தார் என்று நான் கருதுகிறேன். அந்நூல் கிடைக்கும் இடமாக உலகில் அவருக்குத் தோன்றியது இலங்கை. அவருடைய மாணவர் ஹுய்குவோ; அவரிடம் கற்ற கூக்காய் யப்பானில் சிங்கோன் நெறியை நிறுவினார். இன்றும் சிங்கோன் துறவி நிலா வட்டத்துக்குள் எழுதிய ‘அ’ என்னும் எழுத்தின் முன் அமர்ந்து தியானிக்கிறார்.

இலங்கைக்குள் இதற்குச் சான்று உண்டா? 14ஆம் நூற்றாண்டின் நிகாய சங்கிரகம், வச்சிர நெறி முதலாம் சேனனின் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், ஒரு வேற்று நாட்டுத் துறவியால் நுழைந்த கேடு என்று எழுதுகிறது. அது மகாவிகாரைச் சார்பான நூல். அபயகிரியைக் குறைசொல்வது அதன் வேலை. கல் வேறு கதை சொல்கிறது. அபயகிரியில் கிடைத்த கருங்கற் பலகைகளில் சமஸ்கிருதத் தாரணிகள், அதாவது மந்திர வாசகங்கள், உள்ளன. கிரெகரி ஸ்கோப்பன் 1982இல் அவற்றின் மூலத்தை இனங்கண்டார்: புத்தரின் எல்லாத் தாதுக்களுக்கும் ஈடாகத் தூபிக்குள் வைக்கத்தக்கது என்று கூறும் குஹ்யதாது தாரணி. அதே நூலைச் சீனத்தில் பெயர்த்தவர் அமோகவச்சிரர். அந்தப் பெயர்ப்பை 975இல் வூயுவே நாட்டு மன்னன் 84,000 படிகள் அச்சிட்டு ஹாங்சௌவின் லெய்ஃபெங் தூபியின் செங்கற்களுக்குள் வைத்தான். 1924இல் தூபி இடிந்தபோது சுருள்கள் வெளியே வந்தன. அனுராதபுரத்துக் கருங்கல்லில் செதுக்கியதும் ஹாங்சௌவில் தாளில் அச்சிட்டதும் ஒரே தாரணி. யாவாவின் ரத்து போகோ மேட்டில் 792ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று அபயகிரியின் பெயரையே தாங்குகிறது.

கீழைக்கரை இந்தச் சங்கிலியின் விளிம்பிலே இல்லை, பாதையிலேயே இருந்தது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிடைத்த பொன்பூச்சுள்ள தாரை படிமம், சுமார் 143 சென்ரிமீற்றர் உயரம், முன்னாள் ஆளுநர் பிரவுன்றிக் 1830இல் கொடுக்க இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. தாரை அவலோகிதேசுவரரோடு இணைந்த தெய்வம். மானவம்மன் என்னும் சிங்கள இளவரசன் முதலாம் நரசிம்மவர்மனின் அவையில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்து, பல்லவர் படையோடு வந்து அரியணை ஏறிய நூற்றாண்டு அது. திரியாய்ப் பாறையில் பல்லவக் கிரந்தம் இருப்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. மூன்று நூற்றாண்டு கழிந்தும், திருகோணமலைக்கு அண்மையில் வெல்கம் விகாரை இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரோடு நின்றது. அங்குள்ள சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் பசுக்களும் விளக்குகளும் கொடுத்த தமிழ்ப் பௌத்தரைப் பேசுகின்றன. ஊரார் அதை நாதனார் கோயில் என்றார்கள். இலங்கையில் அவலோகிதேசுவரருக்கு நாதர் என்று பெயர் உண்டு. அந்தப் பெயரே இங்கும் தங்கியதோ என்பது என் ஊகம் மட்டுமே.

முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில் சங்கத்தை மகாவிகாரை நெறியின் கீழ் ஒன்றாக்கியபின் அபயகிரியின் குரல் அடங்கியது. தமிழ்நாட்டிலும் பௌத்தம் தேய்ந்தது. ஆக, வச்சிரபோதியின் நெறிக்கு இரு கரையிலும் வாரிசு இல்லாமற் போயிற்று. சிங்கள தேரவாதம் தன் வரலாற்றில் அவரை வைக்கவில்லை, தமிழ்ச் சைவமும் வைக்கவில்லை. வாரிசு இல்லாத சொத்துக்குத்தான் இன்று வழக்கு நடக்கிறது. 1985இல் திரியாய் எரிக்கப்பட்டு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். போர் முடிந்து திரும்பியவர்களின் வயலுக்கும் தொல்லியல் எல்லைக்கும் இடையே தகராறு தொடர்கிறது. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுக்கென அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. ஒரு பக்கத்தார் இந்தக் குன்றைத் தம் இனத்தின் எல்லைக்கல்லாகக் காட்டுகிறார்கள். அந்தக் காயத்தால் மறுபக்கத்தார் அந்தக் கல்வெட்டையே வாசிக்க மனமின்றி விலகிப்போகிறார்கள். கல்லை வாசித்தால் இந்த இரண்டு நிலையும் தாங்காது. அதில் இருப்பது பல்லவர் எழுத்து, வடமொழி, கடல்வணிகர், பொதியத்தில் வீற்றிருப்பதாகத் தமிழ்ப் புலவர் நம்பிய ஒரு போதிசத்துவர். ஊரை இழந்து மீண்ட திரியாய் மக்களுக்கு அவர்கள் நிலமும் வேண்டும், அந்தக் குன்றின் முழு வரலாறும் வேண்டும். இரண்டையும் அவர்களிடமிருந்து பறிப்பது அநீதி.

திரியாய்க்குத் தெற்கே, குச்சவெளியின் கடலோரப் பாறையில் தூபி உருவங்களைச் செதுக்கி, அருகில் சில சமஸ்கிருத வரிகளை ஒருவர் வெட்டுவித்திருக்கிறார். அதையும் பதிப்பித்தவர் பரணவிதான. இந்தப் புண்ணியத்தால் இனி வரும் பிறவிகள்தோறும் உலகத்தார் துன்பம் அனைத்தையும் நீக்க வல்லவனாக ஆகவேண்டும் என்பது அவருடைய வேண்டுதல். உப்புக்காற்றில் எழுத்துக்கள் தேய்ந்துகொண்டு வருகின்றன.